இருபத்து மூன்றாம் எண்

நாற்பது வட்டப் பலகைகள்.
ஆரஞ்சு பெயின்ட், இரண்டு கோட்.
ஒவ்வொன்றிலும் ஓர் எண்,
கீழே என் கைப்பேசி எண்,
'கண்டெடுத்தால் கூப்பிடவும்'.

ஐப்பசி இரண்டாம் செவ்வாய், விடியுமுன்
காசிமேட்டிலிருந்து தேசிங்குவின் ஃபைபர் படகு.
நான்கு கடல்மைல் கிழக்கே
ஒவ்வொன்றாக விட்டோம்.
பன்னிரண்டாவதிலேயே எனக்குக் குமட்டியது.
எலுமிச்சம்பழத்தை நீட்டினார்,
நீரோட்டம் பற்றி வாய் திறக்கவில்லை.
கேட்டபிறகுதான்
கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி
கயிறு சாய்ந்த பக்கம் பார்த்து,
"வன்னி சார். தெக்கால இஸ்துக்கினு போவுது.
தெண்டி நின்னு எட்டு நாளாவுது" என்றார்.

இதைக் கண்டுபிடிக்கத்தான்
பதினான்கு லட்சம், இரண்டு வருடம்,
என் வேலை நிரந்தரமாகலாம் என்ற ஒரு வாய்வார்த்தை.

அழைப்புகள் வந்தன.
ஆறாம் எண் நொச்சிக்குப்பத்தில்.
பதினொன்று கோவளத்தில், பெயின்ட் பாதி போய்.
முப்பத்திரண்டு சதுரங்கப்பட்டினம் தாண்டி,
"கொண்டாந்து குடுத்தா எவ்ளோ தருவீங்க?"
பத்தொன்பதை எடுத்தவள் சிறுமி,
பாண்டி ஆட வைத்துக்கொள்ளலாமா என்றாள்.
வைத்துக்கொள், எந்த ஊர் என்று மட்டும் சொல்.
சொல்லாமல் வைத்துவிட்டாள்.

திரையில் அம்புகள்
பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள்போல
எல்லாம் தெற்கு பார்த்து நின்றன.

இருபத்து மூன்று மட்டும் எர்ணாவூரில்.

வடக்கே.
ஒரே நாளில், ஓட்டத்துக்கு எதிரே, பத்து கிலோமீட்டர்.

மூன்று ராத்திரி தூங்கவில்லை.
துறைமுகச் சுவர் திருப்பி அனுப்பியதா?
திருவொற்றியூர் பாறைக்கட்டுகளின் இடுக்கிலா?
அனல்மின் நிலையம் கக்கும் வெந்நீரா?
கொசஸ்தலை முகத்துவாரம் மூச்சு இழுத்ததா?
கடைசியில்
கரையை ஒட்டி ஒரு சுழி வரைந்தேன்,
முட்டை வடிவில், இடமிருந்து வலம்.
இயக்குநர் கண்ணாடியை மேலேற்றிப் பார்த்து
"இது புதுசு" என்றார்.
அந்தச் சொல்லோடு ஒரு வாரம் நடந்தேன்.

பிறகு எர்ணாவூர் போனேன்.
மேம்பாலத்துக்குக் கீழே, டிரெய்லர் லாரிப் புழுதியில்
பூங்காவனம்.
அலுமினிய அன்னக்கூடையில் ஐஸ்,
ஐஸ் மேல் என் பலகை.

"கடல்லதான் வந்துச்சு, பொய் சொல்லல.
கவலை வலையில மாட்டிக்கினு
காசிமேட்டுல ஏறுச்சு.
ஏலத்துல கூடையோட எடுத்தேன்.
மூடி சரியா இருந்துச்சா,
ஷேர் ஆட்டோல இட்டாந்தேன்.
எனக்கு முப்பது, கூடைக்கு இருபது.
போன் பண்ண சொன்னது எம்பையன்.
எங்க கெடச்சுதுன்னு நீ கேட்ட,
எர்ணாவூருன்னு சொன்னான்.
எப்படி வந்துச்சுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை.

திரும்புகையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் பார்த்தேன்.
காசிமேட்டிலிருந்து வரும் ஒவ்வொரு ஆட்டோவின் பின்னாலும்
ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி
தாரில் ஒரு கோடு,
சிக்னலில் தேங்கி, வளைவில் அகன்று,
வடக்கு நோக்கி.
வெயில் ஏறும்வரை இருக்கும்.

சுழியை அழித்தேன்.
அழிக்க ஒரு விசை போதும்.
இயக்குநரிடம் சொல்ல ஐந்து நாள் ஆயிற்று.
அறிக்கையில் 'எண் 23, கணக்கில் சேர்க்கப்படவில்லை'.
பலகையை மட்டும் அவள் தரவில்லை.
"நம்பரு வேணும்னா எழுதிக்கினு போ."

இப்போது மார்கழி.
காலை ஆறரைக்கு போன் அடிக்கிறது.
புது இடம், புது அம்பு என்று
பாயிலிருந்து எழுந்து பேனா தேடுகிறேன்.
"அக்கா, சங்கரா இருக்கா? ஒரு கிலோ எடுத்து வை."
கூடை மேல் எழுதியிருக்கும் எண்
கூடைக்காரியுடையதாகத்தானே இருக்கும்.

முதலில் 'ராங் நம்பர்' என்றேன்.
சில நாள் கோபித்துக்கொண்டேன்.
இன்று,
ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி
"ஆட்டோ இன்னும் வரலம்மா" என்றேன்.