நட்சத்திரக் குறியிட்ட வினா

திஸ்பூர் சட்டசபையில், சபாநாயகர் மேடைக்குக் கீழே
இருபத்தாறு வருடம் சுருக்கெழுத்து எழுதினேன்.
கத்துகிறவர்களை எழுதுவது சுலபம்.
பத்ரேஸ்வர் தாயித் கத்தமாட்டார்.
மைக்குக்கும் வாய்க்கும் நடுவே
ஒரு முழம் விட்டுத்தான் பேசுவார்.
உதட்டைப் பார்த்து எழுதவேண்டும்.

முதல் நாள் ரப்பர் செருப்பில் வந்தார்,
விளிம்பில் காய்ந்த வண்டலோடு.
வினா எண் நாற்பத்தொன்று, நட்சத்திரக் குறியிட்டது:
மோரிதலிக்குக் கரை எப்போது கட்டப்படும்?
அமைச்சர் எழுந்தார்.
பரிசீலனையில் உள்ளது.
உட்கார்ந்தார்.

அடுத்த கூட்டத்தொடரிலும் அதே வினா.
அதற்கு அடுத்ததிலும்.
இடையில் லூயித் ஆறு
பள்ளிக்கூடத்தைத் தின்றது,
பிறகு சந்தையை,
பிறகு அவருக்கு அதிக ஓட்டு விழுந்த
பதினேழாம் எண் வாக்குச்சாவடியை,
அதன் கதவில் ஒட்டிய அவர் படத்தோடு.

'கரை' என்று அவர் அத்தனை தடவை சொன்னதால்
அதற்கென்று நானே ஒரு கீற்று வைத்துக்கொண்டேன்.
எந்தப் பாடத்திலும் இல்லாத கீற்று.
இடமிருந்து வலம் ஒரு சின்ன வளைவு,
நகத்துண்டு மாதிரி.

கட்சி மாறினார். ஆமாம், மூன்று முறை.
ஒரு முறை கரைக்காக.
ஒரு முறை பயத்தில்.
மூன்றாவது எதற்கென்று
அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.
எனக்கு மாறியதெல்லாம்
கழுத்தைத் திருப்பும் பக்கம் ஒன்றுதான்.

அப்புறம் அமைச்சரானார்.
நீர்வளம் கேட்டார்; கிடைத்தது
அச்சு, எழுதுபொருள் துறை.
என் பென்சிலுக்கு அவர் அமைச்சர்.
ஒருநாள் நடைபாதையில் நிறுத்தி,
"பாய்தேவ், முனை உடையாமல் இருக்கிறதா?" என்று கேட்டார்.
உடைகிறது என்றேன்.
குறித்துக்கொண்டார். மாற்றவில்லை.
அமைச்சர்கள் வினா எழுப்பக் கூடாது என்பது விதி.
பதினொரு மாதம்
அந்த வளைவு என் நோட்டில் வரவேயில்லை.

ஆட்சி கவிழ்ந்து, இன்னொன்று வந்து,
கரை வந்தது.
ஒன்பது கிலோமீட்டர், மணல் பைகள்.
ஒப்பந்தம் அவர் மகன் திகந்தாவுக்கு.
பைகளில் பாதிதான் மணல் என்று
ஆடு மேய்க்கும் பையன்கள்கூடச் சொன்னார்கள்;
அதன்மேல் குதித்து விளையாடியவர்கள் அவர்கள்.
ஆனி தொடங்கியது. ஆடி முடியவில்லை.
ஒன்பது கிலோமீட்டரும் போயிற்று.

அன்று ஓர் இளம் உறுப்பினர்,
முதல் தடவை வந்தவர், புது ஷூ போட்டவர்,
எழுந்து கேட்டார்:
அந்தப் பைகள் யாருடையவை?
தாயித் எழுந்தார்.
மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.
அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை.
ஐந்து சொற்கள் சொன்னார்.
அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்றார் சபாநாயகர்.
அந்த ஐந்தும் எனக்குத் தெரியும்.
இங்கேயும் எழுதமாட்டேன்.
தொழில்.

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்.
வீடு போனவர்கள் வேறு ஊர்ப் பட்டியலில் இருந்தார்கள்,
அவருக்குப் போட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.
அடுத்து தொகுதி மறுவரையறை வந்தது.
ஆறு விட்டுவைத்த மோரிதலியை
மேசைமேல் வைத்து, அளவுகோலால்
இரண்டாகப் பிரித்துக்கொடுத்தார்கள்.

நானும் ஓய்வு பெற்றேன்.
போன கார்த்திகையில் கருவூலத்தில் பார்த்தேன்,
ஓய்வூதியச் சான்று வரிசையில், எனக்கு முன்னால்.
இப்போது தோல் செருப்பு. கையில் நெகிழிக் கோப்பு.
கணினிக்குப் பின்னாலிருந்த பையன் கேட்டான்:
"எந்தத் தொகுதி?"
"மோரிதலி."
தேடினான். "பட்டியலில் இல்லையே."
"இருந்தது."
"அது சரி ஐயா, எதையாவது தேர்ந்தெடுத்தால்தான்
அடுத்த பக்கம் திறக்கும்.
பக்கத்துத் தொகுதி போட்டுவிடலாம்.
ஊர் எந்தக் கரையில்?
வடகரையா, தென்கரையா?"

அவர் உதட்டைப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.
அசையவில்லை.
எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.