ஹீட்டர்

பச்சையா சிவப்பா என்றார் யாப்.
நான் யோசிக்கும்போதே
நிறத்தைப் பார்க்காதே, பின்பக்கம் படி என்று
அவரே திட்டினார்.
படித்தேன்: பாஸ்பேட் உண்டு, சிலிகேட் இல்லை.
அதுதான்.
கூடவே வடித்த நீர், ஆறு போத்தல்.

செந்தூல் அடுக்ககத்தின் கீழ்த்தளம்.
ஞாயிறு, விடிந்தும் விடியாமலும்.
ராத்திரி முழுக்க ஆறவிட்ட சில்வியா.
சூட்டோடு மூடியைத் திறந்தவர்
இதை எனக்கு விற்ற ஜெயசீலன்.
முன்கையில் வெந்து சுருங்கிய தோலைப்
பார்த்த பிறகுதான்
ஐந்நூறு குறைத்துக் கேட்டேன்.

திருகைத் தளர்த்தினால்
பச்சையுமில்லை, சிவப்புமில்லை.
இரண்டையும் கலந்துவிட்டிருக்கிறார் மனுஷன்.
ஆடை படிந்த தே தாரேக் மாதிரி
சொட்டி, அடைத்து,
திடீரென்று கொட்டியது.

தட்டை விட்டு நகரவில்லை.
அது இனிக்குமாம்.
மூன்றாம் மாடி ரொஹைசாவின் குட்டைவால் பூனை
சக்கரத்தடியில் மூக்கை நீட்டி...
ச்சூ, போ.

மூன்று தடவை அலசி
புதிதை ஊற்றியாயிற்று.
உள்ளே மாட்டிய காற்று வெளியேற
ஹீட்டரை முழுதாகத் திறக்க வேண்டும்.
கோலாலம்பூரில். மார்ச்சில்.
ஜப்பான் குளிரைவிட்டு வந்த நாளிலிருந்து
யாரும் தொடாத குமிழ்
நறுக்கென்று திரும்பியது.

கருகிய தூசி வாசம். பிறகு அனல்.
என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

சத்தம் கேட்டு வந்த காவலாளி தீர்த்தராஜ்
ஜன்னல் வழியாக உள்ளே குனிந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டு உள்ளங்கையையும்
காற்று வரும் துளைக்கு நேரே விரித்து
ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

முள் பாதியில் நின்றது.
ரேடியேட்டர் வாயில்
குமிழி வருவதும் நின்றது.
அணைக்கலாம்.

அவர் இன்னும் கையை எடுக்கவில்லை.