நிலுவையில் இருநூற்றுப் பன்னிரண்டு

டக்.
பிறகு ஒரு மூச்சளவு சும்மா.
மறுபடி டக்.

லியபாயாவில் காற்று ஓயாத மாதம் இது.
ஜன்னல் கொக்கிதான் என்று நினைத்து
எழுந்து போய் இறுக்கினேன்.
டக்.

மேசைக்கடியில் கணினி.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய முதல் வருஷ போனஸில்,
இரண்டாயிரத்து எட்டில் வாங்கியது.
விசிறியில் பூனை முடி. பூனை போய் ஐந்து வருஷம்.

வன்தட்டு தன் ஜாதகத்தைத் தானே எழுதிவைக்கும்,
கேட்டால் காட்டும்.
நேற்றிரவுவரை நான் கேட்டதில்லை.
உயிர் கொடுத்தது: நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு தடவை.
சுழன்றது: அறுபத்தோராயிரத்து முன்னூற்று இருபது மணி.
மின்கட்டண உறையின் முதுகில் வகுத்துப் பார்த்தேன்,
மீதியில்லாமல் ஏழு வருஷம்.
தூசு நுழையாத இடைவெளியில்
தட்டைத் தொடாமல் ஊசி ஏழு வருஷம் பறந்திருக்கிறது.
கிரேனில் நான் ஒரு பெட்டியை
ஏழு நிமிஷம் அப்படிப் பிடித்ததில்லை.

அதற்குக் கீழே,
இடம் மாற்றியவை: ஆயிரத்து நாற்பது.
பழுதான இடத்தை யாரிடமும் சொல்லாமல் பூட்டிவிட்டு
ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த மூலைக்குச்
சாமான்களைத் தூக்கிப் போயிருக்கிறது.
மூலையும் நிறைந்த பிறகுதான் இந்தச் சத்தம்.
நிலுவையில்: இருநூற்றுப் பன்னிரண்டு.

"உன் ரத்தப் பரிசோதனையா?" என்றாள் டாக்னியா
தோளுக்குப் பின்னால், பல் துலக்கியபடி.

எதை முதலில் எடுப்பது?
வரிக்கணக்கு என்றேன்.
"புதிய கோப்புறை மூன்று" என்றாள்.
உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்கும் தெரியாது.
அவள் சொன்னதையே போட்டேன்.
பச்சைப் பட்டை நகர்ந்தது, நின்றது,
பாக்கி ஒன்பது நிமிஷம் என்றது, நாற்பது என்றது,
பதினோரு மணி நேரம் என்றது.
தொண்ணூற்று நாலு சதவீதத்தில் நீளமாய் ஓர் இழுப்பு.
அப்புறம் டக் கூட இல்லை.

வந்து சேர்ந்ததில் ஒரு படம்.
கடற்கரையில் ராய்விஸ், ஆறு வயசு.
தொப்பி இருக்கிறது, விழுந்த பல்லின் ஓட்டை இருக்கிறது,
இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல்.
நவம்பரில் பால்டிக்கும் அதே நிறம் என்பதால்
பாதிப் படம் போனது
கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

சிவப்பு பூட்ஸ் போட்டிருந்தான், என்றேன்.
நீலம், அவளே வாங்கியதாம், வென்ட்ஸ்பில்ஸில், தள்ளுபடியில்.
பீட்ரூட் சூப் ஆறி ஆடை படியும்வரை
சிவப்பு, நீலம், சிவப்பு.
கடைசியில் ரோட்டர்டாமுக்கு போன் போட்டோம்.
பின்னால் ஃபோர்க்லிஃப்ட் இரைச்சல்.
"எந்தக் கடற்கரை?" என்றான்.

இன்று இரண்டு வன்தட்டு வாங்கினேன்,
வேறு வேறு கடை, வேறு வேறு கம்பெனி.
கூடப் பிறந்தவை ஒரே வாரத்தில் போகுமாம்,
கடைக்காரன் சொன்னான், விற்றுக்கொண்டே.
டாக்னியா காகித டேப்பைக் கிழித்து
முதலாவதன் மேல் ஒட்டித் தேதி எழுதினாள்,
அதற்குக் கீழே சின்னதாய்: நீலம்.

இரண்டாவது என் பக்கம் இருந்தது.
பேனாவைக் கேட்டேன்.