எண் முப்பத்தேழு

மொத்தம் நாற்பது கார்டு.
தொண்ணூற்றொன்றில் சிவகாசியில் அச்சானவை,
ஐம்பது காசு பபிள்கம்மோடு ஒன்று இலவசம்.
முப்பத்தொன்பது என்னிடம் இருக்கின்றன,
ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில்,
ஜெராக்ஸ் கடைக் கல்லாவுக்குக் கீழே,
வீட்டுப் பத்திரத்துக்கும் போடாத பூட்டில்.

ரேங்க் ஒன்று, தண்டர் டோரஸ்.
ஆறடி ஒன்பது. நூற்றெண்பது கிலோ.
மோதிய சண்டை நானூற்றுப் பன்னிரண்டு.
அவனைக் கையில் வைத்திருந்தவன்
அஞ்சாம் கிளாஸ் பி பிரிவுக்கே ராஜா.
அவனை யாரும் தொலைக்கவில்லை.
ஜாமெட்ரி பாக்ஸில், தலையணை உறைக்குள்,
முருகன் படத்துக்குப் பின்னால்கூட
பத்திரமாக இருந்திருக்கிறான்.
அதனால்தான் இன்று சல்லிசாகக் கிடைக்கிறான்.
என்னிடமே ஆறு.

ரேங்க் நாற்பது, எண் முப்பத்தேழு, பேபி பரேரா.
ஐந்தடி இரண்டு. அறுபத்தொரு கிலோ.
சண்டை பதினான்கு.
உயரமா, எடையா, மார்பளவா,
எதைச் சொல்லி இறக்கினாலும் தோற்கிற கார்டு.
வந்த கையோடு கிழித்தார்கள்.
காது குடைந்தார்கள்.
சைக்கிள் கம்பியில் செருகி டர்ரென்று ஓட்டினார்கள்.
நான் ஒருவனை வளைத்து
உப்பும் மிளகாய்த்தூளும் கொட்டி
மாங்காய்க்குத் தொட்டுக்கொண்டேன்.

பதினோரு வருடமாகத் தேடுகிறேன்.
தேவகோட்டைப் பழைய பேப்பர் கடையில்
மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பார்த்தாயிற்று.
மதுரையிலிருந்து ஒருவன் கூரியரில் அனுப்பினான்;
நகலெடுத்துப் பிழைக்கிறவனிடமே நகல்.
விரல் வைத்ததும் திருப்பி அனுப்பினேன்.
புதுக்கோட்டைப் பல் டாக்டர் கலாநிதியிடம் ஒன்று உண்டு,
மூலை கருகியது.
அதற்கு என் ஸ்கூட்டரைக் கேட்டார்.
சிரிப்பார் என்று காத்திருந்தேன்.
சிரிக்கவில்லை.

போன செவ்வாய், காரைக்குடி,
முனீஸ்வரன் கோயில் தெரு, அபுதாகிர் கடை.
எந்த வீட்டையோ பிரித்து
அப்போதுதான் லாரியில் இறக்கியிருந்தார்கள்.
எனாமல் தூக்குகள், ரசம் போன கண்ணாடி,
வைக்கோல் சுற்றிய சர விளக்கு.
நடுவில் வெயிலில் ஒரு பர்மாத் தேக்கு பீரோ,
பின்னங்கால் ஒன்று குட்டை.
அண்டக் கொடுத்திருந்த அட்டையில்
சிவப்பு ஜட்டியின் ஓரமும் ஒரு முழங்காலும்.

அந்த முழங்காலை எனக்குத் தெரியும்.

பீரோவின் பிடியைத் தடவினேன்,
பூட்டைத் தட்டினேன்,
கறையான் பார்ப்பதுபோல் குனிந்தேன்.
அபுதாகிர் பீரோவைப் பார்க்கவில்லை,
என் கண் போகிற இடத்தைப் பார்த்தார்.
"அட்டையா வேணும்?"
"சும்மாதான். பையன் வெளையாட."
"ஒங்களுக்குப் பையன் ஏது?"
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.
"பீரோவோட எடுத்தா அட்டை இலவசம்."

இருபத்திரண்டில் தொடங்கிப்
பதினெட்டாயிரத்தில் முடிந்தது.
நாலு பேர் தூக்கினார்கள்.
நான் தூக்கவில்லை,
மண்ணில் கன்னம் வைத்துப் படுத்திருந்தேன்.

மூலை நான்கும் இருக்கின்றன.
மடிப்பில்லை.
நெஞ்சில் மட்டும் கால் பதிந்த வட்டம்,
பழைய ஒரு ரூபாய் அகலத்துக்கு.
சிரித்துக்கொண்டிருக்கிறான்.
எவ்வளவு எடை, எத்தனை வருடம் தாங்கினான் என்பதற்குக்
கார்டில் கட்டம் கிடையாது.

கலாநிதிக்குப் படம் அனுப்பினேன்.
"டேமேஜ்" என்று ஒரே சொல் வந்தது.
பிறகு, இரவு பதினொன்றுக்கு,
"எவ்வளவுக்குக் குடுப்பீங்க?"

வாடகை வீட்டு வாசலில்
பீரோவைச் சாய்த்து நுழைத்தோம்.
விலை எட்டாயிரம் என்று சொர்ணத்திடம் சொன்னேன்.
அவள் கதவைத் திறந்தாள்;
பீரோ அவள் பக்கம் சாய்ந்து, நின்றது.
"ஆடுதே."

கடைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன்.
நாற்பதாவது உறையில் பரேராவை இட்டேன்.
டோரஸ் ஒருவனை உறை கழற்றி எடுத்துவந்து
குட்டைக் காலுக்குக் கொடுத்தேன்.
போதவில்லை.
மறுபடி போய் இன்னும் இரண்டு பேர்.

இப்போது லேசாகத்தான் ஆடுகிறது.