குடும்பச் சீட்டு

வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்
எங்களை எண்ணத் தொடங்கி
பதினொன்றில் களைத்துப் போனாள்.
குடும்பச் சீட்டு என்றால்
இரண்டு பெரியவர்கள், அவர்களின் பிள்ளைகள்.
அவ்வளவுதானாம்.

நாங்கள் பத்தொன்பது பேர்.
ஓல்டனில் இருந்து இரண்டு கார்,
எம்மன்புருக்கவில் இருந்து இரண்டு.
அக்கா எங்களுடைய காரில், மடியில் சட்டியோடு.
யோகராசா அத்தான் மட்டும் ரயிலில் வந்தார்.
காரில் இடம் இருந்தது,
ஆனால் அது தர்மசீலன் அண்ணையின் கார்.

மிதுலா நல்ல டொச்சில் விளங்கப்படுத்தினாள்:
இவர் பெரியப்பா, இவ சின்னம்மா,
இவர் மாமா, இவ மாமாவின் தங்கச்சிக்கு மாமி.
அந்த மொழியில் எல்லாரும் ஒங்கிள், எல்லாரும் தாந்த.
ஏழு சீட்டாய்க் கிழித்துத் தந்தாள் அந்தப் பெண்,
மரியாதையாகத்தான்.

சீட்டு என்ற சொல்லை
மூன்று வருடமாய் எங்கள் வீடுகளில்
ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
இருபத்துநாலு மாதச் சீட்டு.
நாலாம் மாதம் எடுத்தவர் ஒருவர்,
பிணை நின்றவர் மற்றவர்.
மிச்சத்தை எழுதினால்
அக்கா என்னோடும் கதைக்கமாட்டா.

உள்ளே, பாசி பிடித்த வீடளவு கற்கள்.
பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள்.
திவிஷன்தான் பலகையை வாசித்தான்:
இருநூறு வருடத்துக்கு முன்னம்
அந்தா தெரிகிற மலையின் ஒரு பக்கம் சரிந்து
கீழே இருந்த ஊரை மூடியதாம்.
நாங்கள் நிற்பது அதற்கு மேலேயாம்.
கோமளா மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை.
கல்லில் வைத்த புரியாணிச் சட்டியைத் தூக்கி
மர வாங்கிலுக்கு மாற்றினா.
பிறகு ஆளுக்கொரு முட்டை.

வேலியில்லாமல் திரிகிற காட்டுச் செம்மறி ஒன்று
வளைந்த கொம்போடு பெரிய மனுசன் மாதிரி வந்து
ரோல்ஸ் பையைக் கவ்வியது.
மட்டன் ரோல்ஸ்.
"ஏய், விடு! விடடா!"
அண்ணையும் அத்தானும் ஒரே குரலில்.
மூன்று வருடத்தில் இருவரும் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை;
ஆனால் அது ஆட்டுக்குச் சொன்னது.
ரோல்ஸ் சரிவில் உருண்டு போக
ஆடு மணந்து பார்த்து, தும்மி,
காகிதத்தை மட்டும் தின்றுவிட்டுப் போனது.

கரடியும் ஓநாயும் ஒரே வேலிக்குள்.
எப்படி, என்று கேட்டேன்.
ஒன்றுக்கு மற்றதன் தூரம் தெரியும் என்றாள் மிதுலா.
அரை மணித்தியாலம் நின்றோம்.
கரடி ஒரு மரக்கட்டைக்குப் பின்னால்
முதுகை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தது.
ஓநாய் வரவில்லை.
மழை வந்தது, சன்னமாய்.

போகமுதல் ஒரு படம் என்றா அக்கா.
சிவப்புப் பை போட்ட சுவிஸ்காரர் ஒருவர்
போனை வாங்கினார். அடங்கவில்லை.
ஒரு அடி பின்னுக்குப் போனார்.
நெட்டையான பெடியள் குந்தினார்கள்.
இன்னும் ஒரு அடி. இன்னும்.
கடைசியில் அவரின் முதுகு வேலியில் முட்டியது.
ஒன்று என்றார். இரண்டு என்றார்.
அப்போது அவரின் தோளுக்குப் பின்னால்
பற்றை விலகி,
சாம்பல் நிறத்தில், நனைந்து,
அது வந்து நின்றது.
மூன்று என்றார் அவர்.

அத்தான் ரயிலில்தான் திரும்பிப் போனார்.

இரவு, குடும்பக் குழுவில் படம் விழுந்தது.
ஸ்காபரோவில் இருந்து பெரியத்தை கேட்டா:
எதைக் கண்டு எல்லாரும்
இப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறியள்?
படத்தில் ஓநாய் இல்லை.
முப்பத்தெட்டுக் கண்கள்,
ஒன்றும் கமராவைப் பார்க்கவில்லை.
விரலால் பெருப்பித்துப் பார்த்தேன்.
இரண்டாம் வரிசை, இடப்பக்கம்:
அண்ணையின் ஜாக்கெட் கையை
அத்தான் பிடித்திருக்கிறார்,
துணி கசங்கிச் சுருளுகிற அளவுக்கு.