எண்ணூற்று நாற்பது கிராம்

லிம் கடைத் தராசில் நிறுப்பேன்,
சாயந்திரம் வெங்காயக் கூட்டம் கலைந்த பிறகு.
போன ஞாயிறு எண்ணூற்று நாற்பது.
இன்று எழுநூற்று எண்பத்தைந்து.
"கறிக்கா?" என்ற லோரிக்காரனை
லிம்மின் மனைவியே முறைத்தாள்.

கோழிக் கழுத்து வைத்தேன்.
கெம்போங் மீன், அவித்த முட்டை, அவிக்காத முட்டை,
செம்பனைக் காட்டுப் பொறியில் விழுந்த எலி,
மண்டோர் மகன் ஒரு வெள்ளிக்கு விற்பது.
பதினோரு நாள்.
எறும்புதான் தின்கிறது.

ஊத்தான் மெலிந்தாங்கில் இதற்கு டாக்டர் கிடையாது.
தெலுக் இந்தானில் பூனை டாக்டர் சொன்னார்:
சூடு பத்தாது, பல்பை மாற்று.
பார்த்துக்கொண்டே இருக்காதே, அதற்குக் கூச்சம்.
கண்ணாடி முழுக்க மலாய்ப் பேப்பர் ஒட்டினேன்,
கால்பந்துப் பக்கம்.
ஓர் ஓட்டை மட்டும், எனக்கு.

ஜொகூரிலிருந்து லோகேஸ் கேட்கிறான்,
வளர்த்துவிட்டுப் போனவன்:
அக்கா, சாப்பிட்டதா?
சாப்பிட்டது என்று தட்டுகிறேன்.
கட்டைவிரல் படம் அனுப்புகிறான்.

உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும் என்பார்கள்.
யாருக்கு வாய்த்ததோ அந்தப் பிடி.

நேற்று கரண்ட் போன ஒரு மணி நேரம்
பெட்டிக்குள் கையை விட்டு உட்கார்ந்திருந்தேன்,
என் சூடாவது ஆகட்டும் என்று.
இருட்டில்
பிளந்த நாக்கு மணிக்கட்டில் ஒருமுறை பட்டது.
கையுறை ஆலையின் உப்பை
ருசி பார்த்தது போலும்.
பிறகு ஒன்றுமில்லை.

காலையில் தட்டில் முட்டை அப்படியே.
அரை விரல் நகர்ந்திருந்தது.
நான்தான் தட்டிவிட்டிருப்பேன்.