ஈரம் பதினெட்டு

தை பிறந்தும் மழை விடவில்லை.
கரடியனாற்றுக் கிறவல் வீதியில்
பாதி அகலத்துக்குப் படங்கு விரித்துச்
சோளன் காயவைத்தோம்.
மேகம் கறுத்தால் குவிப்பது,
வெளித்தால் பரப்புவது,
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் குவிக்க ஆளில்லை.
மகளுக்குக் காய்ச்சல்,
நான் ஆசுபத்திரி வரிசையில்.

கொம்பனிப் பொடியன் கிதுர்சன்
ஒரு பிடி அள்ளி மெசினில் போட்டான்.
"ஈரம் பதினெட்டு, அக்கா."
ஈரம் இருப்பதைக் குற்றமாகச் சொல்லி
அன்றைக்குத்தான் கேட்டேன்.

பிறகு லொறிக் கதவைச் சாத்தி
ஊதா லைற் ஒன்றைப் பிடித்தான்.
உடைத்த மணிகளில் ஏழெட்டு
மஞ்சள் பச்சையாய் எரிந்தன.
வடிவாய்த்தான் இருந்தது.
அதைச் சொல்ல வெட்கமாயும் இருந்தது.

"அவித்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது,
ஈரலில் போய்க் குந்திக்கொள்ளும்" என்றான்,
திருப்பி அனுப்பும் துண்டில்
கையெழுத்து வாங்கியபடி.
பேனை என்னுடையது.

பேரின்பம் முதலாளியிடம் மெசின் இல்லை.
மூக்கும் இல்லை.
அரை விலை.
"நல்லதோட கலந்தா ஆருக்குத் தெரியும்?"
எனக்குத் தெரியும் என்று
நான் சொல்லவில்லை.
விதைக் கடன், பசளைக் கடன்,
அடகில் கிடந்த காதுப்பூ
எல்லாம் எனக்கு முன்னே தலையாட்டின.
பதினாறு மூட்டை.
வாய் தைத்தது நான்தான்.
வலைக்காரரிடம் வாங்கிய நீல நைலோன் நூல்,
இரட்டை முடிச்சு,
அதற்கு மேல் ஒரு சுற்று.

பங்குனியில் செங்கலடிச் சந்தைக்கு
மகளுக்குச் சத்துமா வாங்கப் போனேன்.
சோளன், பயறு, சோயா.
"இப்பதான் அரைச்சது, பிள்ளைக்கு உடம்பு தேறும்"
என்று ஒரு கரண்டி கூடவே போட்டாள் கடைக்காரி.
நல்லவள்.
அவள் காலடியில் நாலாய் மடித்த வெறும் சாக்கு,
அதன் வாயில்
பாதி அறுந்த நீல நூல்.

ஆயிரம் நீல நூல் இருக்கும் இந்தப் பக்கம்.
வாவிக்கரை முழுக்க நீல நூல்தான்.
குனிந்தால் முடிச்சைப் பார்க்கலாம்.
காசைக் கொடுத்துவிட்டு
பஸ்ஸுக்கு வந்து நின்றேன்.

மா இன்னும் இளஞ்சூடு.
பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை,
கையில் இதே பை.
குழந்தை பையின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, அந்த மா…" என்றேன்.
அவள் திரும்பினாள்.

மறுகா எங்கேயிருந்து தொடங்குவது?
பதினெட்டிலிருந்தா?